இருட்டிய பின்னும் எரிந்த விளக்கு

மாலை மணி ஆறு. குளிர்காலத்துப் பொழுது விரைந்து சாய்கிறது. பாரிஸ் நகரின் இடது கரையில், மேட்டுத் தெருக்களில் இருள் இறங்குகிறது. கடைக்காரன் கடையைக் கட்டுகிறான். மாதா கோயில் மணி ஒலிக்கிறது. முன்னாளில், அந்த நேரத்திற்கு வெகு முன்னரே நூல்நிலையத்தின் கதவும் சாத்தப்பட்டுவிடும். படித்துக்கொண்டிருந்தவன் பாதிப் பக்கத்தில் ஏட்டை மூடி எழுந்து போகவேண்டியதுதான். பகலெல்லாம் ஓய்வு உள்ளவனுக்கு அது ஒரு குறையல்ல. நாளைக்கு வந்து மீதியைப் படிப்பான். பகலை விற்றுப் பிழைப்பவனுக்கோ, கதவு சாத்தும் நேரந்தான் கதவைத் தட்டும் நேரம்!

யாரும் "உனக்குப் படிக்க உரிமையில்லை" என்று அவனிடம் சொல்லவில்லை. சட்டம் தடுக்கவில்லை. காவலன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கடிகாரம் தள்ளிற்று! உரிமை ஏட்டில் இருந்தது. ஏடு பூட்டிய அறையில் இருந்தது.

இந்த ஓரவஞ்சனைக்கு முடிவு தேடிய ஒரு நூல்நிலையத்தின் கதையை இங்கே காண்போம். செயின்ட் ஜெனிவியேவ் நூல்நிலையம் என்பது அதன் பெயர். 1838-ஆம் ஆண்டில் அங்கே எரிவாயு விளக்கு ஏற்றப்பட்டது. மாலையிலும் வாசகருக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் அந்த நூல்நிலையத்திற்கென்றே ஒரு புதுக் கட்டடம் எழுந்தது. கோயிலுக்கும் கோட்டைக்கும் அரண்மனைக்கும் அழகு தேடிய கலை, அறிவை நாடி வரும் சாதாரண மனிதனுக்காக என்ன செய்யக்கூடும் என்பதற்கு விடையாக அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கல்லையும் இரும்பையும் நாம் பார்க்கப் போகிறோம். ஆனால் அவற்றில் யாருக்கு இடம் ஒதுக்கப்பட்டது என்பதையே முதலில் கேட்கப் போகிறோம்.

பெயரைக் கேட்டதும் தோழர்கள் புருவத்தை நெறிப்பது நமக்குத் தெரிகிறது. "பகுத்தறிவு பேசுமிடத்தில் புனிதவதி ஏன்?" நியாயமான கேள்வி. ஜெனிவியேவ் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெண். 451-ல் ஹூணர் தலைவன் அட்டிலா படையோடு வந்தபோது, அவள் செய்த பிரார்த்தனையால்தான் பாரிஸ் தப்பிற்று என்பது பழங்கதை. கதை வளர்ந்தது, கதையோடு கல்லறை வளர்ந்தது, கல்லறையோடு மடம் வளர்ந்தது. அவள் எலும்புகளைப் பேழையில் வைத்துப் பூசித்தனர். வெள்ளம் வந்தால் பேழை வீதிவலம் வரும்; பஞ்சம் வந்தால் பேழை வீதிவலம் வரும்; மன்னனுக்குக் காய்ச்சல் வந்தாலும் மன்றாட்டு அவளிடந்தான். வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டவேண்டும் என்பது பிறகு வந்த ஞானம்!

அந்த மடத்தில் பேழை மட்டுமா இருந்தது? ஏடுகளும் இருந்தன. 1624-ல் கார்டினல் லா ரோஷ்ஃபூக்கோ தம்முடைய நூல்களிலிருந்து அறுநூறு தொகுதிகளைத் தந்து மடத்து நூல்நிலையத்திற்குப் புத்துயிர் கொடுத்தார். துறவியர் தேடித்தேடிச் சேர்த்தனர். கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில், சிலுவை வடிவில் அமைந்த நீண்ட கூடங்களில் ஏடுகள் அடுக்கப்பட்டன. அறிவைத் திரட்டியவர்கள் மதத்துறவியர் என்பதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. திரட்டியதை எந்த வடிவக் கூடத்தில் வைத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வந்தது 1789. புயல் வந்தது என்போமா? பூகம்பம் என்போமா? மக்கள் வந்தார்கள் என்போம்! திருச்சபையின் சொத்து தேசத்தின் சொத்தாயிற்று. மடங்கள் கலைக்கப்பட்டன. 1793-ல் ஜெனிவியேவின் பேழை உருக்கப்பட்டது. அதிலிருந்த எலும்புகள் எரிக்கப்பட்டன. ஏடுகளோ எரிக்கப்படவில்லை!

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆத்திரம் கொண்ட காலம் அது. எதை வேண்டுமானாலும் கொளுத்தும் கைகள் இருந்தன. எனினும் நூல்கள் நின்றன. தேசத்தின் நூல்களாக நின்றன. அவற்றைக் காத்ததில் பெரும்பங்கு பெற்றவர் பெங்ரே என்பவர். மடத்துத் துறவி, அதே சமயம் வானநூல் வல்லுநர். 1761-ல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண இந்துமாக்கடலிலுள்ள ரோட்ரிகெஸ் தீவுவரை கடற்பயணம் செய்தவர். மடம் போனாலும் நூல்நிலையம் போகக்கூடாது என்று நின்றவர். அங்கி துறவியின் அங்கி. கண்ணோ தொலைநோக்கியில் பதிந்த கண்!

நூல்நிலையம் தப்பியது. ஆனால் அதற்கென்று வீடில்லை. மடத்தின் கட்டடம் பள்ளிக்கூடமாயிற்று. பின்னாளில் ஹென்றி நான்காமன் பள்ளி என்று பெயர் பெற்றது. கீழே பள்ளி, மேலே நூல்நிலையம் என்ற நிலையில் ஆண்டுகள் ஓடின. பள்ளிக்கு இடம் போதவில்லை. 1842-ல் நூல்நிலையம் வெளியேறவேண்டி வந்தது. எங்கே போயிற்று? பக்கத்திலிருந்த மான்டேகு கட்டடத்திற்கு.

அந்த மான்டேகுவின் வரலாறு தனிக்கதை. அது பழைய கல்லூரி. 1495-ல் எராஸ்மஸ் அங்கே படித்தார். கால்வின் படித்தார். இயேசு சபை கண்ட லயோலாவும் படித்தார். படித்தவர்கள் பெரியவர்களானார்கள், படித்த இடமோ கொடிய இடம். அழுகிய முட்டையும், ஈரம் கசியும் அறையும், முதுகில் விழும் பிரம்பும் எராஸ்மஸின் நினைவில் இறுதிவரை நின்றன. எழுத்திலும் வைத்துவிட்டுப் போனார். பின்னர் புரட்சிக் காலத்தில் அது சிறைச்சாலையாயிற்று. அடித்துப் படிக்கவைத்த கல்லூரி, அடைத்து வைக்கும் சிறையாவதற்கு அதிக மாற்றம் தேவைப்பட்டிராது! அந்தச் சிறை நின்ற மனையிலேதான், அதனை இடித்து, புதிய நூல்நிலையம் எழும்பிற்று. சிறையை இடித்துப் படிப்பகம் கட்டினார்கள் என்று மேடையில் பேசினால் அலங்காரம் என்பார்கள். அங்கே அது நகரசபை வரைபடம்!

கட்டியவர் யார்? ஹென்றி லாப்ரூஸ்ட். 1801-ல் பாரிஸில் பிறந்தவர். 1824-ல், இருபத்துமூன்று வயதில், கட்டடக்கலை மாணவருக்கு அந்நாட்டின் மிகப்பெரிய பரிசான ரோம் பரிசைப் பெற்றவர். பரிசு பெற்றோர் இத்தாலி சென்று ஐந்தாண்டு பழங்கட்டடங்களைப் பயிலவேண்டும், வரைந்து அனுப்பவேண்டும், பாரிஸில் அகாதெமிப் பெரியவர்கள் பார்த்து மெச்சவேண்டும். பெரியவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருந்த அழகைத்தான் வரைய வேண்டும் என்பது எழுதாத விதி.

லாப்ரூஸ்ட் தென் இத்தாலியிலுள்ள பேஸ்டம் என்ற ஊருக்குப் போனார். அங்கே மூன்று பழங்காலக் கிரேக்கக் கட்டடங்கள் இடிபாடாய் நிற்கின்றன. மூன்றனுள் ஒன்றில் ஒரு விந்தை. கட்டடத்தின் நட்டநடுவே, நீளவாக்கில், ஒரே வரிசையாகத் தூண்கள்! கோயிலென்றால் நடுவிலே தெய்வச் சிலை நிற்கவேண்டுமே? நடுவில் தூண் நின்றால் சிலை எங்கே நிற்கும்? இளைஞர் எண்ணினார். இது கோயிலல்ல, குடிமக்கள் கூடிப் பேசிய மண்டபம் என்று வரைந்தார்; 1828-ல் முடித்த தம் வரைபடங்களில் அந்தக் கருத்தையே வைத்தார். அகாதெமியின் செயலாளர் குவாத்ரமேர் த குவின்சி சீறினார். பெரியவர்களுக்கும் இளைஞருக்கும் பெரும் பூசல் மூண்டது.

உண்மையைச் சொல்லிவிடுவோம்: அந்தக் கட்டடம் கோயில்தான், ஹேரா என்ற தேவதைக்கு எடுத்தது என்றே பிற்கால அகழாய்வாளர் முடிவு கட்டினர். அந்த ஒரு செய்தியில் இளைஞர் தவறினார். தவறை ஒப்புக்கொள்வதால் நமக்கு இழுக்கில்லை. தவறாத வேதம் என்று எதையும் நாம் வைத்திருக்கவில்லையே! ஆனால், கண்ணால் கண்டதற்குக் காரணம் கேட்ட அந்தத் துணிவு தவறில்லை. நாடு திரும்பிய அவருக்குப் பெரிய வேலை எதுவும் வாய்க்கவில்லை. தம் பயிற்சிக்கூடத்தில் மாணவருக்குக் கற்பித்துக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தார். 1838-ல் இந்த நூல்நிலையத்தின் கட்டடக் கலைஞராக அமர்த்தப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தேழு. 1843-ல் வேலை தொடங்கிற்று. 1850 இறுதியில் முடிந்தது. 1851 பிப்ரவரி 4-ஆம் நாள் கதவு திறந்தது.

வாருங்கள், உள்ளே போவோம். இல்லை, சற்று வெளியிலேயே நிற்போம். வெளிச்சுவரே ஓர் ஏடு!

நீண்ட, நேரான கட்டடம். நீளத்தில் நான்கில் ஒரு பங்கே அகலம். முகப்பில் தூண் மண்டபம் இல்லை, கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, மன்னன் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை இல்லை. கீழ்த்தளம் ஏறக்குறைய வெறும் கற்சுவர், சிறு சன்னல்கள். மேல்தளத்தில் வளைவு வளைவாகப் பெரிய சன்னல்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. அந்தச் சன்னல்களுக்குக் கீழே, கற்பலகைகளில், பெயர்கள்! எண்ணூற்றுப் பத்துப் பெயர்கள். எழுதியவர்கள், எண்ணியவர்கள், ஆய்ந்தவர்கள்.

கோயில் சுவரில் தேவர்களைச் செதுக்கினார்கள். அரண்மனைச் சுவரில் அரச முத்திரையைச் செதுக்கினார்கள். இங்கே ஆசிரியர்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். உள்ளே அலமாரியிலிருக்கும் நூல்களுக்கு வெளியே கல்லில் எழுதிய அட்டவணை இது என்பது லாப்ரூஸ்டின் கருத்து. உள்ளுக்கு நூல்களே அணி. வெளிக்கு நூலாசிரியர் பெயர்களே அணி. வேறு நகை வேண்டியதில்லை!

பெயர்களை எந்த முறையில் வைத்தார்கள்? பட்டம் பார்த்தா? பரம்பரை பார்த்தா? எந்நாட்டான், எம்மதத்தான் என்று பிரித்தா? இல்லை, காலத்தின் வரிசையில். முதற்பெயர் மோசே. கடைசிப் பெயர் பெர்சீலியஸ். 1848-ல் மறைந்த சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தவர். மலைமேல் கட்டளை பெற்றதாகச் சொல்லப்பட்டவரில் தொடங்குகிறது வரிசை. சோதனைக் குழாயைக் கையிலேந்தியவரில் முடிகிறது. நம்பிக்கையிலிருந்து ஆராய்ச்சிக்கு மனித இனம் நடந்த நடையையே இந்தச் சுவர் காட்டுகிறது என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். நாமும் அவ்வாறே படிக்கிறோம். மோசேயை அழித்துவிட்டு எழுதவில்லை. அவரோடு நிறுத்திவிடவும் இல்லை. அதுவல்லவா வரலாற்றின் நேர்மை!

வாசலின் இருபுறத்தையும் கவனியுங்கள். கல்லில் செதுக்கிய இரண்டு விளக்குகள். சுடரோடு செதுக்கிய விளக்குகள். சாத்திரத்திற்காக வைத்த அலங்காரமல்ல அது. இது மாலையிலும் திறந்திருக்கும் நூல்நிலையம் என்ற அறிவிப்பு. எழுத்தில் ஒட்டினால் மழையில் கரையும். ஆணையில் எழுதினால் அடுத்த அமைச்சர் அடித்துவிடுவார். கல்லில் எழுதிவிட்டார் கலைஞர்!

உள்ளே நுழைந்தால் முதலில் மங்கலான கூடம். கனத்த தூண்கள். இருபுறமும் பிரெஞ்சு அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள். சிலைகளுக்குப் பின்னால் சுவரில் மரங்களும் வானமும் தீட்டப்பட்டிருக்கின்றன. தெருவின் இரைச்சலுக்கும் படிப்பின் அமைதிக்கும் இடையே ஒரு தோட்டம் வைக்க விரும்பினார் லாப்ரூஸ்ட். மனையில் இடமில்லை, ஆகவே தோட்டத்தைச் சுவரில் தீட்டச் செய்தார். கூடத்தைக் கடந்தால் மாடிப்படி. படியேறுமிடத்தில் ராபேல் வரைந்த ஏதென்சுப் பள்ளியின் படி ஓவியம்: பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நடந்து வரும் காட்சி. ஏறி முடித்ததும் ஒளி! இருளிலிருந்து ஒளிக்கு என்பது பழைய உபதேசம். இங்கே அது படிக்கட்டு.

படிப்புக் கூடம் ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். ஒரே கூடம். அறிஞருக்கு ஓரறை, மாணவனுக்கு ஓரறை என்று வகுக்கவில்லை. பணம் உள்ளவனுக்குத் தனி மூலை இல்லை. கூடத்தின் நட்டநடுவே, நீளவாக்கில், ஒரே வரிசையாகப் பதினாறு தூண்கள். நினைவிருக்கிறதா பேஸ்டம்? நடுவே தூண் நின்றால் சிலைக்கு இடமில்லை என்று இருபது ஆண்டுகளுக்கு முன் வாதாடிய இளைஞர், தாமே ஒரு மண்டபம் கட்டும் வாய்ப்பு வந்ததும் அதையே செய்துவிட்டார். நடுவே சிலையில்லை, சிம்மாசனமில்லை. எல்லாப் பக்கமும் வாசகர்!

அந்தப் பதினாறும் வார்ப்பிரும்புத் தூண்கள். மெலிந்து உயர்ந்து, கற்பீடங்களின்மேல் நிற்கின்றன. அவற்றின் தலையிலிருந்து, இலைக்கொடி போலத் துளையிட்ட இரும்பு வளைவுகள் இருபுறமும் பாய்கின்றன. அந்த வளைவுகளின்மேல் இரண்டு நீண்ட விதானங்கள், பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போல. விதானமும் கல்லல்ல, இரும்புக் கம்பி வலையில் பூசிய சாந்து. ஆகவே எடை குறைவு. எடை குறைந்ததால் தூண் மெலிந்தது. தூண் மெலிந்ததால் பார்வை மறையவில்லை, ஒளி மறையவில்லை. இதே பளுவைக் கற்றூண்கள் தாங்கியிருந்தால் கூடத்தில் பாதியைத் தூண்களே தின்றிருக்கும். வெளியே கற்சுவர், உள்ளே இரும்பு எலும்பு. சுவரோரமெல்லாம் நூல் அலமாரிகள், கீழொரு வரிசையும் மேலொரு வரிசையுமாக. அவற்றுக்கு மேலே, நாற்புறமும் சன்னல்கள். நூல்களின் தலைக்கு மேலிருந்து வாசகன் மேசைக்கு வெளிச்சம் வருகிறது.

இன்று நமக்கு இரும்பு புதுமையல்ல. அன்று புதுமை, புதுமைகூட அல்ல, இழிவு! இரும்பு எதற்கு? பாலத்திற்கு, சந்தைக் கொட்டகைக்கு, ரயில் நிலையத்திற்கு, தொழிற்சாலைக்கு. உயர்ந்த கட்டடத்தில் இரும்பு இருக்கலாம், ஆனால் தெரியக்கூடாது. கல்லுக்குப் பின்னால், சாந்துக்கு அடியில் ஒளிந்திருந்து தாங்கவேண்டும். தாங்குவது அதன் வேலை. தலைகாட்டுவது அதன் உரிமையல்ல! இந்த நீதி நமக்குப் புதிதா? உழைப்பவன் கொல்லையில், உண்பவன் கூடத்தில் என்ற நீதிதானே அது? லாப்ரூஸ்ட் தொழிற்சாலை இரும்பைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கூடத்தின் நடுவே நிறுத்தினார். மறைக்கவில்லை, கல்லைப்போல் வண்ணம் பூசி ஏமாற்றவில்லை. இரும்பு இரும்பாகவே நின்று அழகாயிற்று. பெருமை பேசும் பொதுக் கட்டடமொன்றில் இரும்பு இத்தனை வெளிப்படையாக ஆட்சி செய்தது அதற்கு முன் அரிது.

இரும்புக்கு இன்னொரு பயனும் உண்டு. மரக்கூரை எரியும்; இரும்புக்கூரை எளிதில் எரியாது. விளக்கை ஏன் அஞ்சினார்கள்? தீக்கு அஞ்சினார்கள். ஒரு பொறி பட்டால் ஓராயிரம் ஏடு சாம்பல். அந்த அச்சம் பொய்யல்ல. பின்னாளில் இதே லாப்ரூஸ்ட் தேசிய நூல்நிலையத்திற்காகக் கட்டிய பெருங்கூடம் 1868-ல் திறக்கப்பட்டது. ஒன்பது குவிமாடங்களும் பதினாறு மெல்லிய இரும்புத் தூண்களும் கொண்ட அந்தக் கூடத்திலேகூட விளக்கு வைக்கவில்லை. குவிமாடங்களின் உச்சித் துளை வழியே வரும் பகலொளியே ஒளி. பொழுது சாய்ந்தால் படிப்பு முடிந்தது. ஆக, ஜெனிவியேவ் நூல்நிலையத்தில் எரிந்தது வெறும் எரிவாயு அல்ல, ஒரு துணிவு. ஏடு கெடாமலிருப்பது முக்கியமா, ஏடு படிக்கப்படுவது முக்கியமா என்ற வழக்கில், இரண்டும் முக்கியம் என்று இரும்பைக்கொண்டு தீர்ப்பெழுதிய துணிவு!

விக்டர் ஹ்யூகோவை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. நோத்ரதாம் மாதா கோயிலைப் பின்னணியாக்கி அவர் எழுதிய நாவல் 1831-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஓர் அத்தியாயம் கூடுதலாக வந்தது. அச்சுக்கலை கட்டடக்கலையைக் கொன்றுவிடும் என்பது அதன் கருத்து. முன்னாளில் மனிதன் தன் எண்ணங்களைக் கல்லில் எழுதினான், அதுவே கோயில். அச்சு வந்தபின் தாளில் எழுதுகிறான். இனிக் கல்லுக்கு வேலையில்லை என்றார். சரியான பேச்சு, ஆனால் முடிந்த பேச்சல்ல. நூல் வந்து கட்டடத்தைக் கொல்லும் என்றால், கட்டடம் நூலுக்கு வீடாக மாறினால்? அந்த விடையைத்தான் பாந்தியோன் சதுக்கத்தில் நாம் பார்க்கிறோம்.

ஆம், பாந்தியோன்! நூல்நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தில் வானளாவ நிற்கும் குவிமாடம். அதன் கதை இன்னும் வேடிக்கை. 1744-ல் பதினைந்தாம் லூயி நோயுற்றான், பிழைத்தால் ஜெனிவியேவுக்குப் புதுக்கோயில் கட்டுவேன் என்று வேண்டிக்கொண்டான், பிழைத்தான். சூஃப்லோ என்ற கலைஞர் கட்டினார். முடியும் தறுவாயில் புரட்சி வந்தது. 1791-ல் கோயில் போயிற்று, நாட்டின் பெரியோருக்கு நினைவு மண்டபம் ஆயிற்று. அவ்வாண்டே வால்டேரின் உடல் அங்கே கொண்டுவரப்பட்டது. 1794-ல் ரூசோ வந்து சேர்ந்தார். பிறகு? 1806-ல் நெப்போலியன் மீண்டும் கோயிலாக்கினான். 1830 புரட்சி மீண்டும் மண்டபமாக்கிற்று. 1851 டிசம்பரில், மூன்றாம் நெப்போலியனாகப் பின்னர் முடிசூடியவன், குடியரசைக் கவிழ்த்த கையோடு மறுபடி கோயிலாக்கினான். 1885-ல் ஹ்யூகோ மறைந்தபோது, அவருடைய உடலை வைப்பதற்காக, மறுபடி மண்டபம்! குவிமாடத்தின் உச்சியில் ஆட்சிக்கு ஓர் அர்த்தம். பக்கத்திலே, கோபுரமில்லாத நூல்நிலையத்திற்கு 1851 முதல் ஒரே அர்த்தம்: வாசகன் வருகிறான், ஏடு கேட்கிறான், ஏடு வருகிறது.

அந்த ஏழெட்டு ஆண்டுக் கட்டுமானக் காலத்தில் என்னென்ன நடந்தது! மன்னன் லூயி பிலிப்பின் ஆட்சியில் வேலை தொடங்கிற்று. 1848 பிப்ரவரியில் மன்னன் ஓடினான்; குடியரசு வந்தது. அதே ஆண்டு ஜூனில், வேலையும் கூலியும் கேட்ட பாரிஸ் தொழிலாளர் தெருவில் தடுப்பரண் எழுப்பினர். குடியரசே அவர்களைச் சுட்டது. அந்தப் பாந்தியோன் சதுக்கத்திலும் பீரங்கி முழங்கிற்று. அறிவுக்கு மாளிகை எழுந்துகொண்டிருந்த இடத்தருகே, ரொட்டி கேட்டவன் இரத்தம் சிந்தினான். இதை மறந்துவிட்டு அழகை மட்டும் பாடினால் நாம் வரலாறு எழுதியவராக மாட்டோம், விருந்துக்குப் போய்வந்தவராவோம்.

இன்னொரு காட்சியும் அதே சதுக்கத்தில். 1851 பிப்ரவரியில் நூல்நிலையம் திறந்தது என்றோம். அடுத்த மாதம், மார்ச்சில், ஃபூக்கோ என்ற விஞ்ஞானி பாந்தியோன் குவிமாடத்தின் உச்சியிலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடைகொண்ட குண்டைத் தொங்கவிட்டு ஊசலாட்டினார். ஊசல் ஆடும் திசை நேரம் ஆக ஆகத் திரும்பிற்று. ஊசலைத் திருப்பியவர் யாருமில்லை. அடியிலிருந்த பூமிதான் திரும்பிற்று! பூமி சுழல்கிறது என்பதை ஊரார் கூடி நின்று கண்ணால் கண்டார்கள். அதே உண்மையை வலியுறுத்தியதற்காக 1633-ல் கலிலியோவை மண்டியிட வைத்தார்கள். இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கோயிலாகக் கட்டிய மண்டபத்திலேயே குண்டு ஆடிச் சாட்சி சொல்லிற்று. சாட்சி கேட்டவன் அடுத்த கட்டடத்துக்குப் போய், மேற்கொண்டு படிக்கலாம், இரவானாலும் படிக்கலாம்.

இவ்வளவு சொன்ன நாம், குறையையும் சொல்லவேண்டும். சுவரிலுள்ள எண்ணூற்றுப் பத்துப் பெயரில் ஐரோப்பிய ஆண்களே மிகுதி. உலகம் அதைவிடப் பெரிது. மனித இனத்தில் பாதி பெண்கள். 1920-களில் அங்கே படித்த சிமோன் த போவ்வார், பெண்களுக்கென ஒதுக்கிய மேசையில் அமர்ந்து படித்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரே கூடம் என்று பாராட்டினோமே, அந்தக் கூடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு! கல் போடாத சுவரைப் பழக்கம் போடுகிறது. அந்த மேசையிலிருந்து எழுந்த பெண், பெண்ணின் அடிமைநிலையை அக்குவேறு ஆணிவேறாக ஆராயும் நூலை 1949-ல் எழுதி, அந்தக் கோட்டை உலகறியக் காட்டினாள் என்பது ஏட்டின் பழிவாங்கல்.

இன்னொன்று. பிரான்சில் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமில்லாத, கட்டாயமான தொடக்கக் கல்வி 1881, 1882 சட்டங்களால்தான் வந்தது. ஆகவே 1851-ல் நூல்நிலையக் கதவு திறந்தபோது, அந்தக் கதவுவரை வந்து சேரும் பாதை பலருக்கு அடைத்தே கிடந்தது. விளக்கு எரிந்தது, எழுத்து தெரியாதவனுக்கு அந்த விளக்கு என்ன செய்யும்? கட்டடம் பாதி வேலை, பள்ளிக்கூடம் மறுபாதி. பள்ளி மட்டும் இருந்து நூல்நிலையம் இல்லையென்றால், பசியைத் தூண்டிவிட்டுச் சோற்றை மறைத்த கதை. நூல்நிலையம் மட்டும் இருந்து பள்ளி இல்லையென்றால், வாய் தைத்தவனுக்கு வைத்த விருந்து.

விதை எங்கே விழுந்தது என்பதையும் பார்ப்போம். அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்கா போனது. பாஸ்டன் நகரத்தின் பொது நூல்நிலையம் தன் புதுக் கட்டடத்தை 1895-ல் திறந்தது. கட்டியவர் சார்லஸ் மக்கிம். அதே வளைவுச் சன்னல் வரிசை. அதே போலச் சன்னலுக்கடியில் அறிஞர் பெயர்கள். பார்த்தவுடன் பாரிஸின் சாயல் தெரியும். ஆனால் வாசல் வளைவுக்கு மேலே பாஸ்டன் ஒரு தொடரைப் புதிதாகச் செதுக்கிற்று. அதன் பொருள்: எல்லாருக்கும் இலவசம். மன்னன் அருளியது என்றோ, செல்வர் ஈந்தது என்றோ எழுதாமல், மக்களால் கட்டப்பட்டது என்றும் அதே முகப்பில் பொறித்தார்கள். பாரிஸ் விளக்கைச் செதுக்கிற்று. பாஸ்டன் உரிமையைச் செதுக்கிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வாக்கியம் முடிகிறது.

பெயர் மட்டும் மாறவில்லையே என்று தோழர் ஒருவர் இன்னமும் கேட்கக்கூடும். மாறவில்லை, ஜெனிவியேவ் நூல்நிலையம் என்றே இன்றும் அழைக்கிறார்கள். இருக்கட்டும். அன்று அந்தப் பெயரைச் சொல்லி மழைக்கும் மருந்துக்கும் மன்றாடினார்கள். இன்று அந்தப் பெயரைச் சொல்லி மாணவர் வரிசையில் நிற்கிறார்கள், மேசைக்கும் ஏட்டுக்கும். பெயரை வெல்லப் பெயரை அழிக்கவேண்டும் என்பதில்லை. அந்தப் பெயரால் நடக்கும் காரியத்தை மாற்றினால் போதும். எலும்புப் பேழையிடம் போன கால்கள் ஏட்டு அலமாரியிடம் திரும்பினவே, அதைவிடப் பெரிய திருப்பம் வேறென்ன வேண்டும்?

பெரும் பொருட்செலவில் எழுந்த மாளிகையைக் கண்டு மலைத்துப் போய்விடக்கூடாது நாம். பதினாறு இரும்புத் தூணும் எண்ணூற்றுப் பத்துக் கற்பெயரும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் லாப்ரூஸ்ட் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகள் மிகவும் எளியவை. யார் வரப் போகிறார்கள்? எந்த நேரத்தில் வருவார்கள்? எங்கே உட்காருவார்கள்? எந்த வெளிச்சத்தில் படிப்பார்கள்? இந்த நான்கையும் நேர்மையாகக் கேட்டதால் அழகு தானே வந்து நின்றது. கூரை வேய்ந்த கொட்டகைக்கும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தோழர்களே! நம் தெருவில் ஒரு படிப்பகம் இருக்கிறது. முகப்பில் பெயர்ப்பலகை உண்டு. சுவரில் தலைவர் படங்கள் உண்டு. அலமாரியில் ஏடுகளும் உண்டு. வேலை முடிந்து, கைகால் கழுவி, ஒருவன் அங்கே வந்து சேர்வதற்கு மணி ஏழாகிறது. அந்நேரத்தில் அங்கே விளக்கு எரிகிறதா? இன்று மாலை போய்ப் பார்ப்போம். எரியவில்லையென்றால், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று கேட்போம்.